முன்னால் நடப்பது

மல்லிகை மொட்டு வெயிலுக்காகக் காத்திருக்காது.
மூன்றரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
வலையங்குளத்துத் தோட்டத்தில் இறங்கினால்
எனக்கு முன்னால் எப்போதும் ஒரு வால் போகும்.
போன புரட்டாசி வரைக்கும்
அது கருவாயனின் வால்.

கண்ணாடி விரியன் சீறியதை
அடுத்த வரிசையில் பறித்துக்கொண்டிருந்த விருமாயி
சொட்டுநீர்க் குழாய் பிய்த்துக்கொண்டதென்று நினைத்தாள்.
"மோட்டாரை அமத்துங்கக்கா" என்றுகூடக் கத்தினாள்.
கருவாயன் குரைக்கவில்லை.
ஒரே ஒரு வீச்சொலி.
அப்புறம் மூக்கை மண்ணில் தேய்த்தபடி
என்னிடம் வந்து உட்கார்ந்தான்,
எதையோ உடைத்துவிட்டு வந்தவன் மாதிரி.

பூச்சாக்கு வைக்கிற இடத்தில் அவனைக் கிடத்தி
டிவிஎஸ் ஃபிப்டியை முறுக்கித்
தல்லாகுளம் சேர்வதற்குள்
முகம் பனங்காயாகியிருந்தது.
ஆஸ்பத்திரிக் கேட்டை வாட்ச்மேன் திறந்தபோது ஐந்தரை.
டாக்டர் வந்தபோது ஏழு.
அன்றைக்குப் பூ கிலோ எண்ணூறு.
அதையும் சொல்லிவிடுகிறேன்,
அழுதுகொண்டே அதையும் நினைத்தேன்.

இப்போது இருப்பது டீசல்.
கப்பலூர் பெட்ரோல் பங்க்கில் கிடந்த குட்டி.
கொஞ்சம் சிப்பிப்பாறை, மிச்சமெல்லாம் ரோடு.
எதையும் மோந்து பார்த்துத்தான் நம்புவாள்.
எனக்குப் பயமே அந்த மூக்குதான்.

துக்கம் கேட்க வந்தவர்கள்
ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
பூண்டை இடித்துத் தெளி என்றார்கள்; தெளித்தேன்.
தோட்டம் முழுக்க ஊறுகாய் வாசம்.
புற்றுக்கு முட்டை வை என்றார்கள்; வைத்தேன்.
கீரி தின்றது.
எட்டாம் நாள், பூண்டு வாசத்துக்கு நடுவிலேயே
ஒரு சட்டை உரிந்து கிடந்தது,
கண் வட்டம்கூடக் கிழியாமல்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு
கோழிக்கூண்டுப் பக்கம் வெகுநேரம் நின்றேன்.
பாம்பு நாயைத் தேடி வரவில்லை.
எலியைத் தேடி வந்தது.
எலி தீவனத்தைத் தேடி வந்தது.
தீவனத்தைச் சிந்தியவள்
சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம்தான் வேலை.
விறகைத் தரையிலிருந்து தூக்கிக் கல்மேல் அடுக்கினேன்.
தீவனம் டின்னுக்குள் போனது.
மக்கிப்போன தென்னமட்டைக் குவியலை
நீளக் கொக்கியால் தள்ளி நின்று இழுத்தேன்,
உள்ளே இரண்டு தவளையும் என் பழைய செருப்பும்.
டீசல் படுக்கிற இடத்தைச் சுற்றி
பத்தடிக்குப் புல்லைச் செதுக்கினேன்.
சுவரோர வளைகளைக் கல்லும் சிமெண்டும் போட்டு அடைக்கையில்
செக்கானூரணியிலிருந்து மகள் போன் செய்தாள்.
"நான் இருந்தப்ப இதெல்லாம் செஞ்சியாம்மா?"
பதில் சொல்லவில்லை.
சிமெண்ட் இறுகிக்கொண்டிருந்தது.

விடியும்வரை அவளைக் கட்டிப்போட்டுப் போவதாகத்தான் திட்டம்.
மூன்று நாள் ஊளை.
நாலாம் நாள்
அறுந்த கயிறு கழுத்தில் தொங்க
வரப்பில் நின்று வாலாட்டினாள்.
அந்த வரப்பில், அந்த இருட்டில்.
திட்டுவதற்குக்கூட வாய் வரவில்லை.

அதனால் இப்போது இப்படி:
என் இடுப்பில் ஒரு கயிறு, நாலு முழம்.
மறுமுனையில் டீசல், எனக்குப் பின்னால்.
கையில் மூங்கில் கம்பு.
ஒவ்வொரு அடிக்கும் முன்பு
தரையை ஒரு தட்டு.
விருமாயி சிரிக்கிறாள்,
நாய்க்குக் காவலா நடக்குறீங்களேக்கா என்று.
எனக்கு முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் இருக்கிறது.
அவளுக்கு நாலும் வெறுங்கால்.

நேற்று,
ஏர்போர்ட்டில் முதல் விமானம் இன்னும் இறங்கவில்லை,
பதினோராவது வரிசையில் அந்தச் சத்தம்.
குழாய் இல்லை.
கம்பை ஊன்றி நின்றேன்.
விளக்கு வெளிச்சத்தில்
சங்கிலி சங்கிலியாக முதுகு.
கயிறு இடுப்பை அறுக்கிறது,
பின்னால் ஒரு மூக்கு துடிக்கிறது, எனக்குத் தெரியும்.
இரண்டடி பின்னுக்கு வைத்தேன்.
இன்னும் இரண்டு.
அது அவசரப்படவில்லை.
கண்மாய்ப் பக்கம் போக
ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் எடுத்துக்கொண்டது.

அந்த வரிசையை அப்படியே விட்டுவிட்டோம்.
வெயில் ஏறியபோது மொட்டெல்லாம் விரிந்து
யாருக்கும் விற்க முடியாமல்
வெள்ளை வெள்ளையாக மணத்தது.
டீசல் வரப்பில் உட்கார்ந்து
தும்மினாள்.